சிறுநீரக நோயை முன்கூட்டியே கண்டறிதல்: யார், எப்போது, எந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும்?

வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால், வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்பும் இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வது தமிழ்நாட்டுக் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. ஆனால் அதே மனிதரின் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தார்கள் எனக் கேட்டால், பெரும்பாலான வீடுகளில் பதில் இருப்பதில்லை. சிறுநீரக நோயைத் தடுத்து நிறுத்தக்கூடிய ஆண்டுகள் இந்த இடைவெளியில்தான் கைநழுவிப் போகின்றன. எந்தப் பரிசோதனையை, யார், எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும், வந்த முடிவை எப்படிப் படிக்க வேண்டும், அதன் பிறகு மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை வரிசையாக இங்கே விளக்குகிறேன்.

நோய் ஏன் வெளியே தெரிவதில்லை

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, அதில் பெரும்பகுதியை உடலுக்கே திருப்பி அனுப்பி, ஒன்றரை லிட்டர் அளவில் மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. சில வடிகட்டிகள் சிதைந்தால் அவற்றின் வேலையை மீதமுள்ளவை தாமே ஏற்றுக்கொள்கின்றன. அதனால் பாதித் திறன் போன பிறகும் மனிதர் நன்றாகச் சாப்பிடுகிறார், உறங்குகிறார், வேலைக்குப் போகிறார். ஆனால் கூடுதல் சுமையைத் தாங்கும் அந்த வடிகட்டிகள் அதே சுமையாலேயே சீக்கிரம் தேய்கின்றன.

கால் வீக்கம், மூச்சுத் திணறல், குமட்டல், உடல் அரிப்பு, தீராத களைப்பு ஆகியவை பெரும்பாலும் கடைசிக் கட்டங்களில்தான் தலைகாட்டும். சிறுநீரில் நுரை அதிகமாக நிற்பதும் இரவில் அடிக்கடி எழ வேண்டியிருப்பதும் சற்று முன்பே தெரியலாம். ஆனால் எல்லோருக்கும் தெரிவதில்லை. ஆகவே அறிகுறி வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருப்பது இந்த நோயைப் பொறுத்தவரை டயாலிசிஸ் வரை காத்திருப்பதற்குச் சமம். திடீரென்று மூச்சு முட்டி அவசரப் பிரிவுக்கு வந்து, அன்றிரவே கழுத்தின் இரத்த நாளத்தில் குழாய் பொருத்தி டயாலிசிஸ் தொடங்கப்படும் நோயாளிகளில் பலர், அந்த நாள் வரை தமக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்ததையே அறியாதவர்கள்.

முதல் படி: நீங்கள் பரிசோதிக்கப்பட வேண்டியவரா என்று பாருங்கள்

சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள்தான் முதல் வரிசை. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் எனில், அது கண்டறியப்பட்ட அன்றே சிறுநீரகப் பரிசோதனையையும் தொடங்கி, ஆண்டுதோறும் தொடர வேண்டும். ஏனெனில் அந்த நோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உடலில் இருந்திருக்கக்கூடும். சிறு வயதில் வரும் முதல் வகையில், நோய் தொடங்கி 5 ஆண்டுகள் ஆனதிலிருந்து ஆண்டுதோறும் பார்த்தால் போதும். உயர் இரத்த அழுத்தம் இரு பக்கமும் வெட்டும் கத்தி: சிறுநீரகத்தைக் கெடுப்பதும் அதுதான், கெட்டுப்போன சிறுநீரகத்தால் வருவதும் அதுதான். முப்பது வயதிலேயே பி.பி. கூடியிருந்தால், காரணம் சிறுநீரகத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் மாத்திரையை மட்டும் தொடங்குவது சரியல்ல.

இதய நோய் உள்ளவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ சிறுநீரகச் செயலிழப்பு ஏற்பட்டவர்கள், சிறுநீரகக் கல் அடிக்கடி வருபவர்கள், புரோஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் தங்குபவர்கள், லூபஸ் போன்ற தன்னுடல் தாக்கு நோய் உள்ளவர்கள், முன்பு எலிக்காய்ச்சல், பாம்புக்கடி, கடுமையான வயிற்றுப்போக்கு போன்றவற்றால் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்புக்கு ஆளாகி மீண்டவர்கள், கர்ப்ப காலத்தில் பி.பி. உயர்ந்து புரதம் வெளியேறிய பெண்கள் ஆகியோர் அடுத்த வரிசையில் வருகிறார்கள். கடைசியாகச் சொன்ன பெண்களைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு பி.பி. இயல்புக்கு வந்துவிட்டாலும், பிற்காலத்தில் சிறுநீரக நோய்க்கும் இதய நோய்க்குமான வாய்ப்பு அவர்களுக்குக் கூடுதலாகவே இருக்கிறது. மூட்டுவலிக்கோ முதுகுவலிக்கோ டைக்ளோஃபினாக், அசிகுளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் மருந்துக் கடையில் தாமே வாங்கிச் சாப்பிடுபவர்களும் தவறாமல் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரையும் இல்லை, பி.பி.யும் இல்லை என்று நிம்மதியாக இருக்க முடியாத இன்னொரு கூட்டமும் உண்டு: வெயிலில் உழைக்கும் மக்கள். இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களின் நெல் விவசாயிகளிடையே 1990-கள் முதல் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படுகிறது. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் இதே போன்ற நோய் உழைக்கும் வயதினரைத் தாக்கியிருக்கிறது. கடும் வெப்பம், உடல் வறட்சி, குடிநீர், பூச்சிமருந்து என்று பல காரணங்கள் ஆராயப்பட்டு வருகின்றன. எது முதன்மையானது என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. ஆகவே வயல், உப்பளம், செங்கல் சூளை, கட்டடப் பணி ஆகியவற்றில் ஆண்டுக்கணக்கில் உழைப்பவர்கள், வேறு எந்த நோயும் இல்லாவிட்டாலும், பரிசோதித்துக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் படி: இரண்டு பரிசோதனைகளையும் சேர்த்தே செய்யுங்கள்

தேவையானவை இரண்டுதான்: இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள், சிறுநீரில் அல்புமின். இவற்றுடன் பி.பி.யையும் பார்த்துக்கொண்டால், பெரும்பாலானோருக்கு முதற்கட்டச் சோதனை முடிந்தது. கிரியாட்டினின் மட்டும் பார்த்துவிட்டு அறிக்கையை மூடி வைப்பதுதான் நம்மிடையே மிகவும் பரவியுள்ள தவறு. சர்க்கரை நோயால் வரும் பாதிப்பில், கிரியாட்டினின் உயரத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிறுநீரில் அல்புமின் கசியத் தொடங்கிவிடும். மாறாக, மேலே சொன்ன விவசாயிகளின் நோயில் தொடக்கத்தில் புரதக் கசிவு குறைவாகவோ இல்லாமலோ இருக்க, கிரியாட்டினின் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். ஒரு பரிசோதனை தவறவிடுவதை மற்றொன்று பிடித்துவிடும் என்பதால்தான் இரண்டும் வேண்டும்.

சிறுநீரைப் பொறுத்தவரை, வழக்கமான யூரின் ரொட்டீன் பரிசோதனையில் நிறம் மாறும் பட்டையைக் கொண்டு 'ஆல்புமின்: நில்' (இல்லை) என்றோ 'ட்ரேஸ்', '1+' என்றோ எழுதித் தருவார்கள். அது மோசமான பரிசோதனை அல்ல. ஆனால் சிறிதளவு கசிவை, அதுவும் நிறையத் தண்ணீர் குடித்து நீர்த்துப்போன சிறுநீரில், அது தவறவிடக்கூடும். சர்க்கரை நோயாளிகளும் பி.பி. உள்ளவர்களும் ஏ.சி.ஆர். எனப்படும் அல்புமின்–கிரியாட்டினின் விகிதப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். சில ஆய்வகங்களில் இதை மைக்ரோ அல்புமின் பரிசோதனை என்பார்கள். 24 மணி நேரச் சிறுநீரைக் கேனில் சேகரிக்கும் சிரமம் இதில் இல்லை. ஒரே ஒரு முறை எடுத்த மாதிரி போதும்.

எளிய கருவிகளைக் கொண்டே ஊர் முழுவதையும் பரிசோதிக்க முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, 1990-களில் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் வழியாகச் சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அந்தந்த ஊர்களைச் சேர்ந்த பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாகச் சென்று சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் இருக்கிறதா என்று எளிய இரசாயனங்களால் சோதிக்கவும், பி.பி. பார்க்கவும் வைத்தார்கள். குறை தெரிந்தவர்களை மருத்துவர் பார்த்து, ரெசர்பின், ஹைட்ரோகுளோரோதையசைடு, கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின் போன்ற விலை குறைந்த மாத்திரைகளைக் கொடுத்தார்கள். பி.பி.யையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைக்கப் பெருநகர மருத்துவமனை தேவையில்லை, ஊருக்குள்ளேயே செய்யலாம் என்பதை அத்திட்டம் காட்டியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும், வீட்டுக்கே வந்து பி.பி., சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுப்பதால், கிராமப்புற முதியோர் தம் சிறுநீரகத்தையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்பதற்கு அது நல்ல வாசலாக அமைந்திருக்கிறது.

மூன்றாம் படி: மாதிரி கொடுப்பதற்கு முன்

அதிகாலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரே ஏ.சி.ஆர். பரிசோதனைக்கு மிகவும் ஏற்றது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தைய நாளின் கடும் உடற்பயிற்சி, கட்டுக்கடங்காத சர்க்கரை அல்லது பி.பி. ஆகியவை அல்புமினைத் தற்காலிகமாக உயர்த்திக் காட்டும் என்பதால், அத்தகைய நாட்களைத் தவிர்த்து வேறு நாளில் கொடுக்க வேண்டும். கிரியாட்டினினுக்கு முந்தைய இரவு ஆட்டுக்கறி, கோழி போன்ற இறைச்சியை நிறையச் சாப்பிடாமல் இருப்பது நல்லது. உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் இளைஞர்கள் தசை வலிமைக்காகக் கிரியாட்டின் என்ற பொடியை எடுத்துக்கொண்டிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அந்தப் பொடியால் எண் உயரலாம்.

நான்காம் படி: அறிக்கையைப் படியுங்கள்

வழிகாட்டியின் மையமே இதுதான் என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம். கிரியாட்டினின் தசையிலிருந்து உருவாகும் கழிவு. தசை மிகுந்தவருக்கு இயல்பாகவே கூடுதலாகவும், மெலிந்த முதியவருக்குக் குறைவாகவும் இருக்கும். ஆகையால் அறிக்கையில் அச்சிட்டிருக்கும் இயல்பு எல்லைக்குள் எண் இருக்கிறது என்பது மட்டும் எதையும் உறுதிப்படுத்தாது. வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணே சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும். இருவருக்குக் கிரியாட்டினின் 1.2 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். 2021-ஆம் ஆண்டில் வெளியான சி.கே.டி.–எபி வாய்பாட்டின்படி, 25 வயது ஆணுக்கு இ.ஜி.எஃப்.ஆர். சுமார் 86 வரும். 70 வயதுப் பெண்ணுக்குச் சுமார் 49 மட்டுமே வரும். முன்னவருக்குக் கவலை இல்லை; பின்னவர் மூன்றாம் கட்ட நோயில் இருக்கக்கூடும். இருவருக்குமே 'கிரியாட்டினின் நார்மல்தான், போய் வாருங்கள்' என்று சொல்லி அனுப்பிவிடும் அபாயம் இங்கேதான் இருக்கிறது. அறிக்கையில் இ.ஜி.எஃப்.ஆர். இல்லையென்றால் ஆய்வகத்திடமோ மருத்துவரிடமோ கணக்கிட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். வயது, பாலினம், கிரியாட்டினின் அளவு ஆகிய மூன்றும் இருந்தால் ஒரு நிமிட வேலை.

இ.ஜி.எஃப்.ஆர். 90-க்கு மேல் இருந்தால் முதல் கட்டம், 60 முதல் 89 வரை இரண்டாம் கட்டம், 30 முதல் 59 வரை மூன்றாம் கட்டம், 15 முதல் 29 வரை நான்காம் கட்டம், 15-க்குக் கீழே ஐந்தாம் கட்டம் என்று வகுத்திருக்கிறார்கள். முதல் இரண்டு கட்டங்களில், அல்புமின் கசிவோ வேறு சிறுநீரகச் சேதமோ இருந்தால் மட்டுமே அது நோய். வெறுமனே 80 என்று வந்ததற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஏ.சி.ஆர். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குள் இருந்தால் இயல்பு, 30 முதல் 300 வரை மிதமான கசிவு, 300-க்கு மேல் கடுமையான கசிவு. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே ஆபத்தைக் கணிக்க வேண்டும். இ.ஜி.எஃப்.ஆர். 70 இருந்தும் ஏ.சி.ஆர். 600 உள்ளவர், இ.ஜி.எஃப்.ஆர். 55 இருந்து கசிவே இல்லாத முதியவரைவிட வேகமாகச் செயலிழப்பை நோக்கிச் செல்லக்கூடும்.

ஐந்தாம் படி: மூன்று மாதம் கழித்து மீண்டும் பாருங்கள்

ஒரே ஒரு அறிக்கையைக் கொண்டு நாள்பட்ட சிறுநீரக நோய் என்று முடிவு கட்டக் கூடாது. குறைபாடு குறைந்தபட்சம் 3 மாதங்கள் நீடித்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். ஏ.சி.ஆர். உயர்ந்திருந்தால், 3 முதல் 6 மாதங்களுக்குள் எடுக்கும் மூன்று மாதிரிகளில் இரண்டிலாவது உயர்ந்திருக்க வேண்டும். பழைய அறிக்கைகள் வீட்டில் இருந்தால் அவையே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடும். மருத்துவமனையில் தரும் தாள்களைத் தூக்கி எறியாமல் ஒரே கோப்பில் தேதி வாரியாக வைத்திருப்பதன் பயன் இதுதான். ஆனால் இந்த மூன்று மாதக் காத்திருப்பு எல்லோருக்கும் பொருந்தாது. சில நாட்களில் கிரியாட்டினின் வேகமாக ஏறினாலோ, சிறுநீர் அளவு குறைந்தாலோ, இரத்தம் கலந்து வந்தாலோ, முகமும் காலும் வீங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆறாம் படி: காரணத்தைத் தேடுங்கள்

நோய் உறுதியானால் அடுத்து வருவது வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். சிறுநீரகங்கள் சுருங்கியிருக்கின்றனவா, கல்லோ அடைப்போ இருக்கிறதா, நீர்க்கட்டிகள் நிறைந்திருக்கின்றனவா, சிறுநீர் கழித்த பிறகும் பையில் தங்குகிறதா என்பவை அதில் தெரியும். அடைப்பு காரணமென்றால் அதை நீக்கியதும் இழந்த திறனில் ஒரு பகுதி திரும்பக்கூடும் என்பதால், இந்த ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. பல ஸ்கேன் அறிக்கைகளில் 'கிரேடு 1 ரீனல் பாரன்கைமல் சேஞ்சஸ்', அதாவது சிறுநீரகத் திசுவில் லேசான மாற்றம், என்ற வரி இருக்கும். அதைப் படித்துப் பதறிப்போய் வருபவர்கள் ஏராளம். அந்த வரி மட்டும் நோயை உறுதிப்படுத்துவதில்லை. இரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதிக்கச் சொல்லும் குறிப்பாக மட்டும் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். மறுபக்கம், சர்க்கரை நோயால் பாதிக்கப்பட்ட சிறுநீரகம் ஸ்கேனில் இயல்பான அளவிலேயே தெரியலாம். எனவே ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஏ.சி.ஆர். பரிசோதனையைத் தவிர்க்கவும் கூடாது.

ஏழாம் படி: கண்டறிந்த பின் செய்ய வேண்டியவை

முன்கூட்டியே கண்டறிவதால் என்ன பயன், குணப்படுத்த முடியாதே என்று சிலர் கேட்கிறார்கள். சிதைந்த நெஃப்ரான்கள் மீள்வதில்லை என்பது உண்மை. ஆனால் மீதமுள்ளவற்றைக் காக்கும் மருந்துகள் இன்று நம்மிடம் உள்ளன. லோசார்டன், டெல்மிசார்டன், ராமிப்ரில் வகை மாத்திரைகள் பி.பி.யைக் குறைப்பதோடு புரதக் கசிவையும் குறைக்கின்றன. சர்க்கரை மாத்திரையாக அறிமுகமான டாபாகிளிஃப்ளோசின், 2020-இல் வெளியான டாபா–சி.கே.டி. ஆய்வில், சிறுநீரகத் திறன் பாதியாகக் குறைவது, செயலிழப்பு, சிறுநீரக அல்லது இதய நோயால் இறப்பு ஆகியவை சேர்ந்த அபாயத்தை 39 சதவீதம் குறைத்தது. சர்க்கரை நோய் இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் அந்தப் பலன் கிடைத்தது. இந்தியாவில் அதே ஆண்டில் அதன் காப்புரிமை முடிந்து பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியதால், விலையும் வெகுவாக இறங்கிவிட்டது. இந்த மருந்துகளைத் தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினின் சற்று ஏறக்கூடும். 30 சதவீதத்துக்குள் இருக்கும் ஏற்றத்தைப் பொதுவாக மருத்துவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். அதைப் பார்த்து அஞ்சித் தாமே மாத்திரையை நிறுத்துவது பெரிய இழப்பு. தொடங்கிய 2 முதல் 4 வாரங்களுக்குள் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் மறுபடி பார்த்து, முடிவை மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும். கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து உடல் வறண்டால் எந்த மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானோருக்கு 130/80-க்குக் கீழே பி.பி.யை வைத்திருப்பது இலக்கு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு என்றால், ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் ஆகியவற்றை அன்றாடப் பட்டியலிலிருந்து விலக்க வேண்டியிருக்கும். பி.பி.க்கு நல்லது என்று விற்கப்படும் குறைந்த சோடியம் உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருப்பதால், சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாறக் கூடாது. வலி மாத்திரைகளைத் தவிர்த்து, தேவைப்பட்டால் பாராசிட்டமாலை அளவோடு பயன்படுத்தலாம். என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாத பொடிகளையும் பஸ்பங்களையும், கிரியாட்டினினைக் குறைத்துவிடுவோம் என்ற விளம்பரத்தை நம்பி வாங்கவே வேண்டாம். பாதரசம், காரீயம் கலந்தவை மிச்சமிருக்கும் திறனையும் அழித்துவிடும். நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை. வெயிலில் உழைப்பவருக்குத் தண்ணீர் கட்டாயம் வேண்டும். கால் வீங்கிய நோயாளிக்கோ மருத்துவர் அளவு குறித்துத் தர வேண்டும்.

எட்டாம் படி: சிறுநீரக நிபுணரிடம் எப்போது செல்வது

மூன்றாம் கட்டம் வரை, நிலையாக இருக்கும் பலரைக் குடும்ப மருத்துவரே பார்த்துக்கொள்ள முடியும். இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே சென்றாலும், ஏ.சி.ஆர். 300-ஐத் தாண்டி நின்றாலும், ஆண்டுக்கு 5 புள்ளிக்கு மேல் திறன் சரிந்துகொண்டே போனாலும், சிறுநீரில் இரத்தம் இருந்தாலும், மூன்று, நான்கு மாத்திரைகளுக்கும் பி.பி. அடங்காவிட்டாலும், குடும்பத்தில் பரம்பரைச் சிறுநீரக நோய் இருந்தாலும் நெஃப்ராலஜிஸ்ட்டைப் பார்க்க வேண்டும். முன்னதாகச் சென்றவருக்கு இரத்தசோகைக்கான சிகிச்சையும் ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசியும் உரிய நேரத்தில் கிடைக்கும். டயாலிசிஸ் தேவைப்படும் நிலை வந்தாலும், கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்கான இரத்தக் குழாய் இணைப்பு) அமைத்து ஆறப் போதிய அவகாசம் இருக்கும். உறவில் கொடையாளர் இருந்தால் டயாலிசிஸ் தொடங்காமலேயே மாற்று அறுவைச் சிகிச்சையைத் திட்டமிடவும் முடியும்.

முதல் பரிசோதனையில் எல்லாம் இயல்பு என்று வந்தவர்களில், சர்க்கரையோ பி.பி.யோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு பரிசோதனைகளையும் திரும்பச் செய்ய வேண்டும். நோய் உறுதியானவர்களுக்குக் கட்டத்தையும் கசிவின் அளவையும் பொறுத்து ஆண்டுக்கு ஒன்று முதல் நான்கு முறை வரை தேவைப்படும். வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பது தெரிந்தவுடன், அவருடைய உடன்பிறந்தவர்களையும் வளர்ந்த பிள்ளைகளையும் அதே வாரத்தில் ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்று, ஆளுக்கொரு பி.பி., ஒரு கிரியாட்டினின், ஒரு ஏ.சி.ஆர். பார்த்துவிடுங்கள்.